கணினியைக் கையில் தூக்க வைத்த ஆடம் ஆஸ்போர்ன்

5 அங்குலத் திரை. சுமார் 11 கிலோ எடை. உள்ளே மின்கலம் இல்லை. மின்செருகியில் இணைத்தால்தான் இயங்கும். திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகள்தான் தெரியும். விலை 1,795 அமெரிக்க டாலர். இன்றைய மதிப்பில் அது 6,000 டாலரைத் தாண்டும்.

இப்படி ஒரு கணினியை இன்று யாரேனும் கடையில் வைத்தால் நாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நம் கைப்பேசியின் திரையே அதைவிடப் பெரியது. பல விமான நிறுவனங்கள் கைப்பெட்டிக்கு அனுமதிக்கும் 7 கிலோ வரம்பை அந்தக் கணினி தாண்டிவிடும்.

ஆனால், 1981 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கணினிக் கண்காட்சியில் இந்த இயந்திரத்தைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. பின்னர் ஒரு கட்டத்தில் மாதத்திற்கு 10,000 கணினிகள் வரை தொழிற்சாலையிலிருந்து வெளியேறின.

அந்தக் கணினியின் பெயர் ‘ஆஸ்போர்ன் 1’. தூக்கிச் செல்லக்கூடிய கணினிகளில் வணிக வெற்றி கண்ட முதல் கணினி அதுதான். இன்று நாம் முதுகுப்பையில் போட்டுச் செல்லும் மடிக்கணினியின் மூதாதைகளில் ஒன்று. அதைத் திட்டமிட்டு விற்றவர் ஆடம் ஆஸ்போர்ன்.

அவரைப் பற்றித் தமிழர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இந்த ஆங்கிலேயர் பிள்ளைப் பருவத்தில் தமிழ் பேசி வளர்ந்தவர். தமிழ்நாட்டிலேயே தம் இறுதி நாள்களையும் கழித்தவர்.

ஆனால், வணிகம் படிக்கும் மாணவர்களுக்கு அவர் பெயர் வேறு விதமாகத்தான் அறிமுகமாகிறது. ஒரு நிறுவனம் தன் வாயாலேயே தன்னைக் கெடுத்துக்கொள்ளும் செயலுக்கு ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்று பெயர். ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் ஒரு தவற்றின் பெயராகச் சுருங்கிவிட்டது. அது நியாயமா? அவர் செய்த கணினியைப் பார்த்து நாம் சிரிப்பதுதான் நியாயமா? அவர் கதையைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வோம்.

திருவண்ணாமலையில் ஒரு சிறுவன்

ஆடம் ஆஸ்போர்ன் 1939 மார்ச் 6ஆம் தேதி பேங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். அங்குள்ள சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். தாயார் லூசியா போலந்து நாட்டவர்.

இருவரும் ஆன்மிக நாட்டம் உடையவர்கள். திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷியைப் பற்றி அறிந்து அவரை நாடினர். 1941இல் லூசியா பிள்ளைகளுடன் திருவண்ணாமலையில் இருந்தபோது, வேலை நிமித்தமாக ஆர்தர் பேங்காக்கிற்குத் திரும்பியிருந்தார். அப்போது இரண்டாம் உலகப்போர் இந்த வட்டாரத்தையும் சூழ்ந்தது. ஜப்பானியர்கள் ஆர்தரைத் தடுப்பு முகாமில் அடைத்தனர். போர் முடிந்த 1945ஆம் ஆண்டில்தான் அவரால் குடும்பத்துடன் சேர முடிந்தது.

அந்த ஆண்டுகளில் சிறுவன் ஆடமும் அவர் சகோதரிகளும் அருணாசல மலையடிவாரத்தில், ரமணாசிரமத்தைச் சுற்றி விளையாடி வளர்ந்தனர். ஊர்ப் பிள்ளைகளைப் போலவே தமிழ் சரளமாகப் பேசினர். ஆடம் கொடைக்கானலில் விடுதிப் பள்ளியிலும் படித்தார்.

தந்தை ஆர்தர் பின்னர் ரமணரைப் பற்றிப் பல நூல்கள் எழுதினார். ஆசிரமத்திற்காக 1964இல் ஓர் ஆங்கில இதழையும் தொடங்கினார். தெளிவாக எழுதும் ஆற்றல் மகனுக்கும் இருந்தது. ஆனால், அவர் எழுதத் தேர்ந்தெடுத்த பொருள் முற்றிலும் வேறு.

எண்ணெய் நிறுவனத்திலிருந்து எழுத்துக்கு

இங்கிலாந்துக்குச் சென்ற ஆடம், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்து 1961இல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது.

பெரிய நிறுவனத்தின் ஒழுங்குமுறைகள் அவருக்கு ஒத்துவரவில்லை. 1970களின் தொடக்கத்தில் அந்த வேலை முடிவுக்கு வந்தது. கணினி நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதிக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார்.

அப்போதுதான் கணினி உலகம் திசை மாறிக்கொண்டிருந்தது. கணினியின் மூளையான மையப் பகுதியை ஒரே சில்லில் அடக்கும் நுண்செயலி வந்துவிட்டது. 1975இல் ‘ஆல்டேர் 8800’ என்ற கணினியைத் தனிமனிதர்களும் வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்ள முடிந்தது. அதற்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. முன்பக்கத்தில் விசைகளும் சிறு விளக்குகளும்தான்.

ஆர்வம் கொண்டவர்கள் பலர் இருந்தனர். ஆனால், நுண்செயலி எப்படி வேலை செய்கிறது என்று புரியும்படி விளக்கும் நூல்கள் இல்லை. ஆடம் நுண்கணினிகளுக்கு ஓர் அறிமுக நூல் எழுதித் தாமே வெளியிட்டார். கலிஃபோர்னியாவில் கணினி ஆர்வலர்கள் கூடிய ‘ஹோம்புரூ கணினி மன்றத்தின்’ கூட்டங்களுக்குப் புத்தகங்களைக் கொண்டுபோய் விற்றார். பிற்காலத்தில் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் வாஸ்னியாக்கும் அந்த மன்றத்துக்குச் செல்பவர்களில் ஒருவர்.

‘இம்சாய்’ என்ற கணினி நிறுவனம் தான் விற்கும் ஒவ்வொரு கணினியுடனும் அந்த நூலையும் கொடுக்கத் தொடங்கியபோது, ஆடமின் பதிப்பகம் வேகமாக வளர்ந்தது. நிறுவனக் கணக்கு வழக்குகளுக்கான நிரல்களையும் அவர் புத்தகங்களாக அச்சிட்டார். வாங்குபவர்கள் அந்த நிரல் வரிகளைப் பார்த்துத் தங்கள் கணினியில் தாங்களே தட்டச்சு செய்துகொள்ள வேண்டும். மென்பொருள் அன்று அப்படியும் விற்கப்பட்டது.

1979இல் அவர் தம் பதிப்பகத்தை மெக்ராஹில் நிறுவனத்திடம் விற்றார். அதற்குள் சுமார் 40 நூல்கள் வெளிவந்திருந்தன.

குறை சொன்னவரே களத்தில் இறங்கினார்

புத்தகங்களுடன் கணினி இதழ்களிலும் ஆடம் தொடர்ந்து பத்தி எழுதினார். அந்தப் பத்திகள் காரசாரமானவை. முடிவடையாத கணினிகளை முன்கூட்டியே அறிவித்து, வாடிக்கையாளர்களின் பணத்தை முன்பணமாக வாங்கி, அதை வைத்தே கணினியை வடிவமைக்கும் நிறுவனங்களை அவர் கடுமையாகச் சாடினார். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவருடைய இன்னொரு குறை, அன்றைய கணினிகள் வாங்கப்பட்ட விதத்தைப் பற்றியது. 1981க்கு முன் ஒரு சிறு வணிகர் கணினி வாங்க நினைத்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கணினிப் பெட்டி. பிறகு திரை தனி. வட்டு இயக்கி தனி. அதை இணைக்கும் மின்சுற்று அட்டை தனி. கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள் தனி. கணக்குப் பார்க்கும் மென்பொருள் தனி. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தின் தயாரிப்பு. ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் யாரிடம் முறையிடுவது என்றே தெரியாது.

1977இல் வெளிவந்து புகழ்பெற்ற ‘ஆப்பிள் 2’ கணினியும் இதற்கு விதிவிலக்கு அன்று. அதன் தொடக்க விலை 1,298 டாலர். அதற்குக் கிடைத்த நினைவகம் 4 கிலோபைட்தான். வட்டு இயக்கி அதில் அடங்காது. திரையில் வரிக்கு 40 எழுத்துகள்; அவையும் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் மட்டுமே. அலுவலகக் கடிதம் எழுத வேண்டுமென்றால் கூடுதல் அட்டைகளை வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது.

ஆடமின் எண்ணம் எளிமையானது. வேலைக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியைக் கையில் தூக்கிச் செல்ல வேண்டும். விமானத்தில் இருக்கைக்கு அடியில் அது அடங்க வேண்டும். விலை 2,000 டாலருக்குள் இருக்க வேண்டும். ஆகச் சிறந்த பாகங்கள் தேவையில்லை. வேலைக்குப் போதுமானவை இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை.

மன்றக் கூட்டங்களை நடத்திவந்த பொறியாளர் லீ ஃபெல்சன்ஸ்டைனிடம் அதை வடிவமைக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. புதிய தொழில்நுட்பம் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏன் அவ்வளவு சிறிய திரை?

இனி அந்த வடிவமைப்பைச் சற்று உற்றுப் பார்ப்போம்.

பெட்டியின் மூடியே விசைப்பலகை. அதைக் கழற்றி மேசையில் வைத்தால், எதிரே நடுவில் சிறிய திரையும் அதன் இருபுறமும் வட்டு இயக்கிகளும் தெரியும். இயக்கிகளுக்குக் கீழே நெகிழ்வட்டுகளை வைக்க இரண்டு பைகள் போன்ற அறைகள். பின்புறம் கைப்பிடி. உள்ளே ‘இசட்80’ நுண்செயலியும் 64 கிலோபைட் நினைவகமும் இருந்தன. அன்றைய 8 பிட் கணினிகளில் 64 கிலோபைட் என்பது உச்ச அளவு.

திரை ஏன் 5 அங்குலம்? 1981இல் திரை என்றாலே கண்ணாடிக் குழாய்தான். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்த அதே வகை. குழாய் பெரிதானால் ஆழமும் எடையும் கூடும். கீழே விழுந்தால் உடையும் ஆபத்தும் கூடும். சிறிய குழாயை இரண்டு வட்டு இயக்கிகளுக்கு நடுவே வைத்தால் அதற்குப் பாதுகாப்பு அதிகம்.

தட்டையான திரைகள் அப்போது இல்லையா? இருந்தன. ஆனால், அவற்றின் நிலை வேறு. எப்சன் நிறுவனத்தின் ‘எச்எக்ஸ்-20’ கணினி 1982 வாக்கில் விற்பனைக்கு வந்தது. அதன் எடை 1.6 கிலோதான். ஆனால், அதன் திரவப் படிகத் திரையில் 4 வரிகள் மட்டுமே தெரியும். வரிக்கு 20 எழுத்துகள். 1982இல் வந்த ‘கிரிட் காம்பஸ்’ கணினியில் அழகிய தட்டைத் திரை இருந்தது. இன்றைய மடிக்கணினி போலவே மடித்து மூடலாம். விலை 8,150 டாலர். அந்தப் பணத்தில் நான்கு ‘ஆஸ்போர்ன் 1’ வாங்கிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

இதற்கு முன்பும் தூக்கிச் செல்லும் கணினிகளைச் செய்ய முயன்றவர்கள் உண்டு. ஐபிஎம் நிறுவனம் 1975இல் வெளியிட்ட ‘5100’ கணினிக்கும் 5 அங்குலத் திரைதான். அதன் எடை 20 கிலோவுக்கு மேல். விலை கிட்டத்தட்ட 9,000 டாலரில் தொடங்கியது. ஸெராக்ஸ் ஆய்வுக்கூடம் 1970களின் இறுதியில் ‘நோட்டேக்கர்’ என்ற கணினியை உருவாக்கியது. ‘ஆஸ்போர்ன் 1’ கணினியின் தோற்றம் அதை நினைவூட்டும். ஆனால், நோட்டேக்கர் விற்பனைக்கு வரவே இல்லை.

சிறிய திரையின் குறையை ஈடுகட்ட ஃபெல்சன்ஸ்டைன் ஒரு வழி செய்தார். கணினி தன் நினைவகத்தில் வரிக்கு 128 எழுத்துகள் கொண்ட அகலமான பக்கத்தை வைத்திருக்கும். திரை அதன்மேல் நகரும் சன்னல் போன்றது. விசையை அழுத்தினால் சன்னல் இடப்புறமும் வலப்புறமும் நகரும். பெரிய வரைபடத்தைக் கைப்பேசியில் விரலால் நகர்த்திப் பார்க்கிறோம் அல்லவா, அந்த ஏற்பாட்டுக்கு நெருங்கிய உறவு இது.

வட்டுகளின் கொள்ளளவும் குறைவு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 90 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் சேமிக்க முடியாது. ஆனால், அன்றைய பயனாளர் சேமித்தது படத்தை அன்று, எழுத்தை. 90 கிலோபைட்டில் ஆங்கிலத்தில் சுமார் 90,000 எழுத்துகள் அடங்கும். பத்துப் பன்னிரண்டு கட்டுரைகளை ஒரே வட்டில் வைத்துக்கொள்ளலாம். செய்தியாளர்களுக்கும் கணக்காளர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

விலைக்குள் அடங்கிய மென்பொருள்

ஆடம் செய்த உண்மையான புதுமை பெட்டிக்குள் இருந்த மின்சுற்றில் இல்லை. விலைப்பட்டியலில் இருந்தது.

அன்று சொற்செயலிகளில் முன்னணியில் இருந்தது ‘வேர்ட்ஸ்டார்’. அது மட்டுமே 495 டாலருக்கு விற்கப்பட்டது. ஆடம் ‘வேர்ட்ஸ்டார்’, ‘சூப்பர்கால்க்’ என்ற விரிதாள் மென்பொருள், இரண்டு ‘பேசிக்’ நிரல்மொழிகள், ‘சிபிஎம்’ இயங்குதளம் ஆகிய அனைத்தையும் கணினியின் விலையிலேயே சேர்த்துக் கொடுத்தார். தனித்தனியாக வாங்கினால் அவற்றுக்கே ஏறக்குறைய 1,500 டாலர் ஆகும்.

இது எப்படிச் சாத்தியமானது? மென்பொருள் நிறுவனங்களிடம் அவர் பெரும் எண்ணிக்கையில் உரிமம் வாங்கினார். சிலருக்குத் தம் நிறுவனத்தின் பங்குகளையும் கொடுத்தார். ஒரு பிரதியில் கிடைக்கும் லாபம் குறைந்தாலும் ஆயிரக்கணக்கில் விற்கும் என்று அவர்களை நம்ப வைத்தார். பதிப்பாளராக இருந்தவருக்கு இந்தக் கணக்கு கைவந்த கலை.

1981 ஆகஸ்ட்டில் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. அதன் ஆகக் குறைந்த விலை 1,565 டாலர். அதற்கு 16 கிலோபைட் நினைவகம் கிடைக்கும். திரையும் இல்லை, வட்டு இயக்கியும் இல்லை. இதோடு ஒப்பிட்டால், 1,795 டாலருக்குப் பெட்டியைத் திறந்ததுமே வேலையைத் தொடங்கலாம் என்ற ஆடமின் வாக்குறுதி வாடிக்கையாளர்களை ஏன் ஈர்த்தது என்பது புரியும்.

விற்பனை பாய்ந்தது. 1982இல் நிறுவனத்தின் வருவாய் ஏறத்தாழ 7 கோடி டாலரை எட்டியது. தொடங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத நிறுவனம் அது.

ஓராண்டில் மாறிய தீர்ப்பு

இங்கே ஒரு முக்கியமான திருப்பம் வருகிறது.

1982இல் ‘கேப்ரோ 2’ என்ற கணினி சந்தைக்கு வந்தது. அதுவும் தூக்கிச் செல்லும் பெட்டிதான். அதே ‘இசட்80’ நுண்செயலி, அதே 64 கிலோபைட், அதே இயங்குதளம். மென்பொருளும் இலவசம். விலையும் அதே 1,795 டாலர். ஆனால், திரை 9 அங்குலம். வரிக்கு 80 எழுத்துகள் முழுமையாகத் தெரிந்தன. எடை சற்றே கூடுதல்.

80 எழுத்து என்பது வணிகக் கணினிகளில் அன்று ஏற்கெனவே வழக்கமாகியிருந்த அளவு. மென்பொருள்களும் அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டன. எனவே, ‘ஆஸ்போர்ன் 1’ கணினியின் சன்னல் ஏற்பாடு கேப்ரோவுக்குப் பக்கத்தில் திடீரென்று தொல்லையாகத் தெரிந்தது.

திரை மாறவில்லை. 1981 ஏப்ரலில் இருந்த அதே 5 அங்குலம்தான். ஆனால், அதைப் பற்றிய சரியான தீர்ப்பு மாறிவிட்டது. 1981இல் அந்த விலைக்கு வேறு வழி சந்தையில் இல்லை. ஆகவே அது துணிச்சலான சமரசம். 1982இல் அதே விலைக்கு மேலான வழி இருப்பதை இன்னொருவர் காட்டிவிட்டார். ஆகவே அது உடனே திருத்தப்பட வேண்டிய குறை.

வரலாற்றுச் சூழலில் வைத்துப் பார்ப்பது என்றால் பழைய தவறுகளையெல்லாம் மன்னித்துவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்த ஆண்டில், எந்த விலையில், யாருடைய தேவைக்கு என்று கேட்டால் பாராட்டும் துல்லியமாகும், குறையும் துல்லியமாகும். இன்றைய மடிக்கணினியோடு ஒப்பிட்டு ‘ஆஸ்போர்ன் 1’ கணினியைக் குறைகூறுவது பொருளற்றது. கேப்ரோவோடு ஒப்பிட்டுக் குறைகூறுவது முற்றிலும் நியாயம்.

பெயரில் ஒட்டிக்கொண்ட தவறு

1983இல் ஆடமின் நிறுவனம் ‘எக்சிகியூட்டிவ்’ என்ற புதிய கணினியைத் தயாரித்தது. 7 அங்குலத் திரை, 80 எழுத்து வரி, 128 கிலோபைட் நினைவகம், விலை 2,495 டாலர்.

அது கடைக்கு வருமுன்பே ஆடம் அதைப் பற்றிச் செய்தியாளர்களிடம் பெருமையாகப் பேசிவிட்டார். புதியது வரப்போகிறது என்றால் பழையதை யார் வாங்குவார்? கடைக்காரர்கள் ‘ஆஸ்போர்ன் 1’ கணினிக்குக் கொடுத்திருந்த முன்பதிவுகளை ரத்து செய்தனர் என்றும், பணவரத்து நின்று நிறுவனம் சரிந்தது என்றும் கதை பரவியது. 1983 செப்டம்பர் 13ஆம் தேதி நிறுவனம் நொடிப்புப் பாதுகாப்பு கோரி மனு செய்தது. ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்ற சொல் அப்படித்தான் பிறந்தது.

முன்கூட்டியே அறிவிக்கும் நிறுவனங்களைச் சாடிய பத்தி எழுத்தாளர், கடைசியில் முன்கூட்டியே அறிவித்ததற்காகவே நினைவுகூரப்படுகிறார். கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அது முழு உண்மையா?

அந்த நிறுவனத்தில் பணியாற்றிய சிலரும் பின்னாளில் அதை ஆராய்ந்தவர்களும் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் காட்டும் காரணங்கள் வேறு. கேப்ரோ ஏற்கெனவே வாடிக்கையாளர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. நிறுவனம் வளர்ந்த வேகத்துக்குக் கணக்குகளைக் கண்காணிக்கும் முறை வளரவில்லை. லாபம் வருவதாக நினைத்திருந்தபோது இழப்பு ஏற்பட்டிருப்பது 1983இல்தான் வெளிப்பட்டது. பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் திட்டமும் கைவிடப்பட்டது.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. 1983இல் சந்தையே வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஐபிஎம் கணினியில் ஓடும் மென்பொருள்கள் தங்கள் கணினியிலும் ஓட வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினர். அந்த ஆண்டு விற்பனைக்கு வந்த ‘காம்பேக் போர்ட்டபிள்’ அதைச் செய்தது. அதன் விலை கிட்டத்தட்ட 3,000 டாலரில் தொடங்கியது. எடையும் 12 கிலோவுக்கு மேல். இருந்தும் முதல் ஆண்டிலேயே 50,000க்கும் அதிகமாக விற்றது. ஆடமின் புதிய கணினியோ பழைய 8 பிட் பாதையிலேயே நின்றது.

ஆகவே, அவர் வாய் திறந்தது தவறுதான். ஆனால், பல காரணங்களில் அது ஒன்று. நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியத்தால் சாய்வதில்லை. ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிற கதைதான் பாடப்புத்தகத்தில் எளிதாக இடம்பிடிக்கிறது.

மறுபடியும் ஒரு முயற்சி

தோல்விக்குப் பிறகு ஆடம் ஒளிந்துகொள்ளவில்லை. நிறுவனத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி இதழாளர் ஜான் டுவோராக்குடன் சேர்ந்து 1984இல் நூல் எழுதினார். அதே ஆண்டில் ‘பேப்பர்பேக் சாஃப்ட்வேர்’ என்ற புதிய நிறுவனத்தையும் தொடங்கினார்.

பெயரிலேயே அவர் எண்ணம் இருக்கிறது. மலிவுப் பதிப்பு நூல்களைப் போல மென்பொருளையும் குறைந்த விலையில் புத்தகக் கடைகளில் விற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அன்று விரிதாள் மென்பொருளில் கொடிகட்டிப் பறந்த ‘லோட்டஸ் 1-2-3’ விலை 495 டாலர். அதைப் போலவே இயங்கும் ‘விபி-பிளானர்’ மென்பொருளை ஆடம் சுமார் 100 டாலருக்கு விற்றார்.

1987இல் லோட்டஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஆடமின் நிறுவனம் நிரலைத் திருடவில்லை. ஆனால், கட்டளைப் பட்டியலின் அமைப்பை அப்படியே பின்பற்றியிருந்தது. அதுவும் பதிப்புரிமை மீறல்தான் என்று 1990 ஜூனில் பாஸ்டன் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆடம் அந்த நிறுவனத்தைவிட்டு விலகினார்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, லோட்டஸ் வேறொரு நிறுவனத்தின்மீது தொடுத்த இதேபோன்ற வழக்கில், கட்டளைப் பட்டியல் என்பது இயக்கும் முறைதான், அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இரு பக்கமும் சமமாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. ஆடமுக்கு அதனால் பயனில்லை. அவருடைய நிறுவனம் அதற்குள் இல்லாமல் போயிருந்தது.

மலையில் முடிந்த பயணம்

1990களில் அவர் உடல்நிலை சீர்குலைந்தது. மூளையில் அடுத்தடுத்துச் சிறு பக்கவாதங்கள் ஏற்பட்டன. எழுத்தாலும் பேச்சாலும் பெயர் பெற்றவருக்கு அது பேரிழப்பு.

தமிழ்நாட்டிற்குத் திரும்பி, கொடைக்கானலில் தம் சகோதரியின் பராமரிப்பில் வாழ்ந்தார். சிறு வயதில் பள்ளி சென்ற அதே மலையூர். 2003 மார்ச் 18ஆம் தேதி அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 64.

அவர் இறந்த ஆண்டில் அமெரிக்கக் கடைகளில் மடிக்கணினிகள் மேசைக்கணினிகளுக்குச் சரிக்குச் சரி போட்டியிடத் தொடங்கியிருந்தன. கணினி வாங்கும்போதே தேவையான மென்பொருளும் அதில் இருக்க வேண்டும் என்பது எல்லாரும் எதிர்பார்க்கும் சாதாரண விஷயமாகிவிட்டது. அந்த எதிர்பார்ப்பை முதன்முதலில் மக்களிடம் வளர்த்தவர்களில் அவர் ஒருவர்.

நாம் எப்படி மதிப்பிடலாம்?

வடிவமைப்பு, பொறியியல், வணிகம் படிக்கும் இளையர்களுக்குப் பழைய கருவிகளைப் பற்றி எழுத வேண்டிய ஒப்படைப்புகள் அடிக்கடி வரும். அப்போது ஆடமின் கணினியை நினைவில் வைத்து நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, அன்று என்னென்ன பாகங்கள் என்ன விலைக்குக் கிடைத்தன? இரண்டாவது, அதை வாங்கியவர் எந்த வேலைக்காக வாங்கினார்? மூன்றாவது, அதே காலத்தில், அதே விலைக்கு, வேறு யாரேனும் அதைவிட நன்றாகச் செய்தார்களா? நான்காவது, குறை தெரிந்த பிறகு அதைச் செய்தவர் எவ்வளவு விரைவாகத் திருத்தினார்?

முதல் இரண்டு கேள்விகளில் ‘ஆஸ்போர்ன் 1’ நல்ல மதிப்பெண் பெறும். மூன்றாவதில் 1981க்கு ஒரு மதிப்பெண்ணும் 1982க்கு வேறு மதிப்பெண்ணும் கொடுக்க நேரும். நான்காவதில் ஆடம் தடுமாறியதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் பையில் இருக்கும் கருவிக்கும் ஒருநாள் இதே சோதனை வரும். தினமும் மின்னூட்ட வேண்டிய மின்கலம், ஒருமுறை விழுந்தாலே விரிசல் விடும் கண்ணாடி, சில ஆண்டுகளில் பயனற்றுப்போகும் மென்பொருள் ஆகியவற்றைப் பார்த்து இன்னும் 40 ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் சிரிக்கக்கூடும். அவர் சிரித்துவிட்டுப் போகாமல், 2020களில் வேறு வழி இருந்ததா என்றும் தேடிப் பார்க்க வேண்டும் என்றுதான் நாம் விரும்புவோம். அதே மரியாதையை 11 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டிக்கும் நாம் தரலாம்.